ஏடும் வழங்கியும்: யுனிக்ஸ் வரலாற்றில் எழுத்தின் இடம்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைச் செய்தவர்களைப் பற்றி விரிவாக எழுதுவர்; அவற்றைக் கொண்டு எழுதியவர்களைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவர். எழுத்தாணிக்கும் அச்சு எந்திரத்திற்கும் நேர்ந்த இக்குறை கணினிக்கும் நேர்ந்துள்ளது. யுனிக்ஸ் எனும் இயக்க முறைமை பொறியாளர்களின் உடைமை என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. அதன் தொடக்க ஆண்டுகளை நோக்கினால், அது வேரூன்றக் காரணமாக இருந்தவற்றுள் எழுத்துப் பணி முதன்மையானது என்பது புலனாகும். இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு மலரில் இப்பொருள் இடம்பெற அதுவே தகுந்த காரணமாகும். நம் வட்டத்துக் கவிஞர்கள் பத்தாண்டுகளில் எழுதியவை இன்று எங்கே இருக்கின்றன, நாளை எங்கே இருக்கும் என்னும் வினாவையும் இவ்வரலாறு நம்முன் வைக்கிறது.

தோற்றம்

1969ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடம், மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து விலகியது. ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்யும் திட்டம் அது. அதில் உழைத்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர்க்கு அத்தகைய கூட்டுச் சூழலை இழக்க மனமில்லை. பி.டி.பி-7 என்னும் பழைய சிறு கணினியொன்று அதிகம் பயன்படாமல் கிடந்தது. மனைவி கைக்குழந்தையுடன் கலிஃபோர்னியா சென்றிருந்த ஏறத்தாழ மூன்று வாரங்களில், தாம்சன் அதில் ஒரு சிறு இயக்க முறைமையின் அடிப்படைப் பகுதிகளை எழுதி முடித்தார். மல்டிக்ஸ் என்ற பெயரில் பன்மை ஒலிப்பதால், அதற்கு எதிராக ஒருமை ஒலிக்கும் யுனிக்ஸ் என்ற பெயர் விளையாட்டாக அமைந்தது.

புதிய கணினி வாங்கப் பொருள் வேண்டும். மீண்டும் ஓர் இயக்க முறைமைக்குப் பணம் தர மேலிடம் விரும்பவில்லை. ஆகவே ஆவணங்களைத் தட்டச்சிட்டுத் திருத்தி ஒழுங்குபடுத்தும் அமைப்பொன்றை உருவாக்குவதாகச் சொல்லி இக்குழுவினர் பி.டி.பி-11 கணினியைப் பெற்றனர். 1971ஆம் ஆண்டின் பிற்பாதியில் காப்புரிமைத் துறையின் தட்டச்சாளர் மூவர் நாள்தோறும் அதில் விண்ணப்பங்களை எழுதினர். அவ்விண்ணப்பங்களின் வரிகளுக்கு எண்ணிட வேண்டியிருந்தது. அதற்கேற்ப ராஃப் என்னும் ஒழுங்கமைப்பு நிரல் அமைந்தது. அக்கணினியின் நினைவகம் 24 கிலோபைட்டு; வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட்டு. இன்றைய தமிழ்க் குறிமுறையில் இக்கட்டுரையளவு கட்டுரைகள் ஏறத்தாழப் பதினைந்து சேர்ந்தால் அவ்வட்டு நிரம்பிவிடும். இக்காலத்தை விவரிக்கும் ரிட்சியின் கட்டுரை அந்தத் தட்டச்சாளர்களை மூவர் என்று மட்டுமே குறிக்கிறது. யுனிக்சின் முதல் வாடிக்கையாளர்கள் அவர்களே.

எழுத்துக் கருவிகள்

அதன்பின் எழுத்துக் கருவிகள் பெருகின. 1973இல் ஜோ ஒசானா அச்சுக்கோக்கும் எந்திரத்தை இயக்கும் ட்ராஃப் நிரலை எழுதினார். பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சி மொழியைப் பற்றி எழுதி 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் அந்நிரலால் அச்சுக்கோக்கப்பட்டதே. லொரிண்டா செரி என்னும் அம்மையார், கெர்னிகனுடன் இணைந்து கணிதச் சமன்பாடுகளை அச்சுக்கோக்கும் நிரலை ஆக்கினார்; பின்னர் உரைநடையின் வாக்கிய நீளத்தையும் சொற்றேர்வையும் ஆய்ந்து எழுதுபவர்க்குச் சுட்டிக்காட்டும் நிரல்களையும் படைத்தார். நடையியலைப் பாடமாகக் கற்பிக்கும் நம் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய பெயர் அவருடையது.

யுனிக்சின் அமைப்புக் கொள்கை எளிமையானது. ஒவ்வொரு நிரலும் ஒரு பணியை மட்டும் செவ்வனே செய்ய வேண்டும். ஒன்றின் விளைவை மற்றொன்று ஏற்க வேண்டும். இடையே செல்வது வெறும் எழுத்துவரிகளாக இருத்தல் வேண்டும். தோட்டத்து நீர்க்குழாய்களைப் பொருத்துவதுபோல் நிரல்களைப் பொருத்தலாம் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 1973இல் அது யுனிக்சில் செயலுக்கு வந்தது. யாப்பிலக்கணம் கற்றவர்க்கு இது புதிதன்று. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர்கள் தளையால் பிணைந்து அடியாகின்றன. சிறு உறுப்புகள் தத்தம் இலக்கணத்தில் வழுவாது நின்றால் எவ்வளவு பெரிய செய்யுளையும் கட்டலாம்.

படியெடுத்தல் மரபு

பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், 1956ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணையின்படி கணினி வாணிகத்தில் இறங்க இயலாது. ஆகவே யுனிக்சின் மூலநிரல் சிறு கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர், அதன் ஆறாம் பதிப்பை மூலமாகக் கொண்டு 1970களின் இடையில் மாணவர்க்காக ஓர் உரை எழுதினார். மூலமும் உரையுமாக அமைந்த அந்நூலை நம் உரையாசிரியர் மரபோடு ஒப்பிடத் தோன்றுகிறது. அடுத்த பதிப்பின் உரிம விதிகள் மூலநிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடுத்தன. ஆயினும் நூல் மறையவில்லை. மாணவர்கள் படியிலிருந்து படியெடுத்து அதைக் கைமாற்றிக் கொண்டனர். 1996இல்தான் அது முறைப்படி நூலாக வெளிவந்தது. இருபதாண்டுகள் அதைக் காத்தவர்கள் படியெடுத்தவர்களே.

படியெடுக்கும் உரிமையை அறமாகவே முன்வைத்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன். யுனிக்சை ஒத்த, எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய முறைமையை ஆக்கும் குனு திட்டத்தை அவர் 1983 செப்டம்பரில் அறிவித்தார். 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் அகவையில், பொழுதுபோக்காகத் தொடங்கியதாகக் கூறித் தம் முறைமையை அறிவித்தார். அதுவே லினக்ஸ். குனு கருவிகளும் லினக்ஸ் கருவும் இணைந்தபோது, பல்கலைக்கழகத்திலும் பெருநிறுவனத்திலும் மட்டுமே வாய்த்த யுனிக்ஸ் சூழல் வீட்டு மேசைக்கு வந்தது.

வழங்கி

வேண்டுவோர்க்குக் கோப்புகளை அளிக்கும் கணினியை வழங்கி என்கிறோம். ஈகையைக் குறிக்கும் சொல்லடியாக அமைந்த நல்ல கலைச்சொல் இது. உலக வலையின் முதல் வழங்கி, ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியாகும். யுனிக்ஸ் வழிவந்த முறைமையில் இயங்கியது. இது வழங்கி, இதன் மின்னிணைப்பை நிறுத்தற்க என்னும் பொருள்பட அதன்மேல் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தனர். உலக வலை முழுவதும் ஒருவர் மேசைமேலிருந்த ஒரு கணினியில் அடங்கிய காலம் அது.

1997இல் வெப்லாக் என்னும் சொல் பிறந்தது. 1999 முதல் இலவசப் பதிவுத் தளங்கள் தோன்றின. தமிழில் 2003 முதல் வலைப்பதிவுகள் பெருகின. இதழ்களில் இடம் கிடைக்காத பலர் அவற்றில் எழுதினர். ஆயினும் எழுதியவை எழுதியவர் வீட்டில் இல்லை. பிறர் நிறுவனங்களின் வட்டுகளில் இருந்தன. ஜியோசிட்டிஸ் என்னும் இலவசத் தளத்தை யாகூ நிறுவனம் 1999இல் விலைக்கு வாங்கி 2009 அக்டோபரில் மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள் அதனோடு இறங்கின. தன்னார்வலர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளுக்காக இன்றும் வருந்துகிற நாம், இவ்விழப்பின் தன்மையை எளிதில் உணர்வோம்.

தமிழ் எழுத்தின் வழி

தொடக்கக் காலக் கணினிகள் 128 இடங்களைக் கொண்ட ஆஸ்கி குறிமுறையை நம்பியிருந்தன. தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ மேலிருந்த இடங்களிலோ அமர்த்திய எழுத்துருக்கள் பல தோன்றின. ஒருவர் எழுதியதை அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 1999இல் தமிழக அரசு தாம், தாப் குறிமுறைகளை ஏற்றது. தன்னார்வலர்கள் தகுதரக் குறிமுறையை வளர்த்தனர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஒருங்குறியை யுனிக்ஸ் கோப்புகளில் எப்படி எழுதுவது என்னும் சிக்கல் எஞ்சியிருந்தது.

அதைத் தீர்த்தவர் யுனிக்சை முதலில் எழுதிய அதே கென் தாம்சன். 1992 செப்டம்பரில் ஓர் இரவு, நியூஜெர்சி உணவகமொன்றில் ராப் பைக்குடன் அமர்ந்து, தட்டின் கீழ் விரிக்கும் தாளில் யுடிஎஃப்-8 முறையை வரைந்தார். ஒரு வாரத்திற்குள் அவர்களுடைய புதிய முறைமை முழுவதும் அதற்கு மாறியது. அம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். எனவே பதினைந்து பைட்டு. பழைய நிரல்கள் பெரிதும் மாறாமலே புதிய மொழிகளைச் சுமக்க இம்முறை வழிசெய்தது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறிமுறைகளில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியில் மீண்டும் ஆக்கித் தந்தது. சிதையும் ஏட்டைப் புதிய ஏட்டில் எழுதிய பணியின் தொடர்ச்சியே இது.

இல்லத்து வழங்கி

2012 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி வெளியாயிற்று. உள்ளங்கையில் அடங்குவது, விலை 35 டாலர், நினைவகம் 256 மெகாபைட்டு. காப்புரிமைத் தட்டச்சாளர் மூவரும் பகிர்ந்துகொண்ட நினைவகத்தைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இத்தகைய கணினி 5 வாட்டு மின்சாரத்தில் இரவும் பகலும் இயங்கினால் மாதத்திற்கு 3.6 யூனிட்டு செலவாகும்.

என் இல்லத்தில் புத்தக அலமாரியின் ஓரத்தில் அத்தகைய கணினியொன்று லினக்சில் இயங்குகிறது; மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்குகிறது. என் பதிவுகளும், வட்டத்தின் கூட்டங்களில் படிக்கப்பட்டு ஆசிரியர்கள் இசைவுடன் அளித்த கவிதைகளும் அதில் வெறும் எழுத்துக் கோப்புகளாக உள்ளன. ‘கடல்’ என்று தேடினால் ‘கடலில்’, ‘கடலுக்கு’ என்பவை அகப்படா. புள்ளி தனிக் குறியாதலின், வேற்றுமை உருபேற்கும்போது அது நீங்கிவிடுகிறது. ‘கடல’ என்று புள்ளியின்றித் தேடினால் யாவும் வந்துவிடும். கூடவே உண்ணும் கடலையும் வரும். மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும் இலக்கணத்தைக் கணினியும் கற்க வேண்டியிருக்கிறது என்பதை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

இடர்களும் உண்டு. ஐ.பி. முகவரியின் பழைய அமைப்பில் ஏறத்தாழ 430 கோடி எண்களே அமையும். ஆதலால் பல வீடுகளுக்கு ஒரே முகவரியை இணைப்பு நிறுவனங்கள் பகிர்ந்தளிக்கின்றன. அந்நிலையில் வெளியிலிருந்து வீட்டு வழங்கியை அடைய மாற்றுவழி தேட வேண்டும். நிரல்களைக் காலந்தோறும் புதுப்பிக்காவிடில் அயலார் உட்புகுவர். நினைவட்டை ஒருநாள் பழுதுறும். இவற்றினும் பெரிய இடர், அதைப் பேணுபவர் மறைந்தால் வழங்கியும் மறைவதே. சொந்த வீட்டில் இருப்பதனாலேயே எழுத்து நிலைத்துவிடாது. எவர் வீட்டுப் பரணிலோ ஒற்றைப் படியாய் இருந்து செல்லரித்த சுவடிகள் எத்தனையோ!

நிறைவாக

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அதன் ஏட்டுப்படிகள் பல ஊர்களில் பல இல்லங்களில் இருந்தமையால்தான். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்று காட்டிற்று. லயன்ஸ் உரையின் வரலாறும் ஜியோசிட்டிசின் முடிவும் உணர்த்துவது இதனையே. ஆதலின் வட்டத்தின் முன் மூன்று கருத்துகளை வைக்க விழைகிறேன். பத்தாண்டுப் படைப்புகளை ஒருங்குறியில் வெறும் எழுத்துக் கோப்புகளாகத் தொகுத்தல் வேண்டும். அவற்றை வெவ்வேறு ஊர்களிலுள்ள உறுப்பினர் மூவர் தத்தம் இல்லங்களில் பேணி, ஆண்டுதோறும் ஒப்புநோக்கல் வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப்பின் அப்பணியை ஏற்கும் இளையவர் ஒருவரைப் பழக்குதல் வேண்டும். முகநூலிலும் பிற தளங்களிலும் எழுதுவதை எவரும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு படி நம்மிடமும் இருந்தால் போதும்.

இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்போர் இப்பத்தாண்டின் கவிதைகளைத் தேடும்போது அவை மூன்று வீடுகளிலும் கிடைக்க வேண்டும். அதற்கான பணியை இவ்விழா முடிந்த மறுநாளே தொடங்கலாம். வட்டம் வளர்க!