பொறிவண்டு புரிந்த உதவி

தில்லியிலோ மும்பையிலோ தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் நாம், இலையில் பூச்சியைக் கண்டதும் பூச்சிமருந்தையே நாடுகிறோம். பூச்சியைப் பூச்சியாலேயே அடக்கிய வரலாறும் உண்டு. அது நம் நீலகிரி வரையில் நீள்வது.

1868-ஆம் ஆண்டளவில், ஆஸ்திரேலியச் செதிற்பூச்சி ஒன்று வேல மர இனக் கன்றுகளோடு கலிபோர்னியாவை அடைந்தது. பஞ்சுபோன்ற வெண்மையான முட்டைப்பையைச் சுமந்து, மரத்தின் சாற்றை உறிஞ்சுவது அது. இருபது ஆண்டுகளில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்தன. மருந்து தெளித்தனர், மரத்தைக் கூடாரத்தால் மூடிச் சயனைடுப் புகையும் இட்டனர். பூச்சியோ மீண்டும் பெருகிற்று. சிலர் மரங்களையே வெட்டி எரித்தனர்.

தாயகத்தில் அப்பூச்சி இத்தனை கேடு செய்யாதது ஏன்? அங்கே அதற்குப் பகை இருந்தது. அப்பகையைத் தேடி 1888-இல் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியா சென்றார். பூச்சியியலாரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அமெரிக்கப் பேராயம் பணம் மறுத்திருந்தது. ஆகவே மெல்போர்ன் கண்காட்சிக்குச் செல்வோருள் ஒருவராக அவரைச் சேர்த்து அனுப்பினார்களாம்! அவர் முதலில் அனுப்பிய 129 பொறிவண்டுகளை, லாஸ் ஏஞ்சல்ஸில் கூடாரமிட்ட ஆரஞ்சு மரமொன்றில் விட்டனர். கூடாரத்தைத் திறந்ததும் அவற்றின் வழிவந்தவை அண்டை மரங்களுக்குப் பரவின. 1889 முடிவதற்குள் செதிற்பூச்சி ஒடுங்கிற்று. ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. வண்டுக்கும் உணவு எஞ்ச வேண்டுமல்லவா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. வேறு பூச்சிகளுக்காகத் தெளித்த அம்மருந்து பொறிவண்டுகளைக் கொன்றது. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் சில தோட்டங்களில் பழைய செதிற்பூச்சி மறுபடியும் தலையெடுத்தது. நண்பனையும் பகைவனையும் மருந்து பிரித்தறிவதில்லை. ஆயினும் அதை முற்றிலும் பழிப்பது நேர்மையன்று. விரைவில் பயன் தருவது மருந்தே. இப்பொறிவண்டோ பெரும்பாலும் இவ்வினச் செதிற்பூச்சியையே உண்ணும், ஏனையவற்றுக்கு உதவாது.

1928-இல் இதே செதிற்பூச்சி நீலகிரியின் வாட்டில் மரங்களில் காணப்பட்டது. பொறிவண்டை அங்கும் வரவழைத்தனர். அங்கும் அது தன் கடமையைச் செய்தது.

எண்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றியது. மருந்துகள் போதவில்லை, அதன் உடலை மூடிய மெழுகு மாவைக் கடந்து மருந்து எளிதில் உட்செல்வதில்லை. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவித்து, பெங்களூரில் பெருக்கிய நுண்ணிய குளவிகளே பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் காத்தன. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. பொரிந்த புழு அதனை உள்ளிருந்தே தின்று வளர்கிறது.