கால்வெஸ்டன் சூறாவளி (1900)

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவிலுள்ள தீவு நகரமான கால்வெஸ்டனை 1900 செப்டம்பர் 8 அன்று தாக்கிய சூறாவளி. மாண்டவர்கள் 6,000 முதல் 12,000 வரை இருக்கலாம். 8,000 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்க வரலாற்றில் இத்தனை பேரைக் காவுகொண்ட இயற்கைப் பேரிடர் வேறில்லை.

அட்லாண்டிக் பக்கம் 'ஹரிகேன்' எனப்படுவதும் வங்கக் கடலில் நாம் புயல் என்பதும் ஒரே இனம்தான். வெதுவெதுப்பான கடலின் நீராவியே இரண்டுக்கும் தீனி. காற்று கூரையைப் பிய்க்கும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அது கரைமேல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர். ஆழம் குறைந்த கடற்கரைகளில் அந்த நீர் இன்னும் உயரமாக ஏறும். கால்வெஸ்டன் அப்படிப்பட்ட கரையில் கிடக்கும் மணல்திட்டு. அதன் மிக மேடான இடமே கடல்மட்டத்துக்கு மேல் 8.7 அடிதான், அன்று ஏறிய நீரோ 15 அடிக்கும் மேல். முதலில் வடகாற்று பின்புறத்து விரிகுடா நீரைத் தெருக்களுக்குள் தள்ளியது. பிறகு காற்று திசைமாறி முன்புறக் கடலையும் கொண்டுவந்தது. சுமார் 3,600 வீடுகள் அழிந்தன.

ஆபத்து தெரியாமல் வந்ததல்ல. கடற்சுவர் வேண்டும் என்ற பேச்சு முன்பே இருந்தது. ஆனால் அங்கிருந்த வானிலை அதிகாரி ஐசக் கிளைன், பெரும்புயல் இந்நகரைச் சிதைக்கும் என்பது வீண் பயம் என்று 1891இல் நாளிதழில் எழுதினார். 1900 புயலில் அவர் மனைவியும் இறந்தார். கியூபாவின் வானிலையாளர்கள் புயல் மேற்கே போகும் என்று கணித்தார்கள். அமெரிக்க வானிலைத் துறை அவர்களைப் பொருட்படுத்தாமல், அது வடகிழக்கே திரும்பும் என்று நம்பியிருந்தது. இயற்கையின் சீற்றத்தோடு இந்த இறுமாப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எஞ்சியவர்கள் ஊரைக் கைவிடவில்லை. மூன்று பொறியாளர்கள் திட்டம் தீட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹென்றி ராபர்ட், கூட்டங்களை நடத்தும் விதிகளை எழுதிப் பெயர்பெற்றவர். 1902–1904இல் 17 அடி உயரக் கடற்சுவர் எழுந்தது. அதைவிட வியப்பானது, நகரத்தையே தூக்கியதுதான். 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் கடல்மணலைச் சேறாகக் குழாய்வழி பாய்ச்சி நிரப்பினார்கள். சுமார் 3,000 டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தை மட்டும் 700 ஜாக்கிகள் ஐந்தடி உயர்த்தின. மணலுக்கு அரசு செலவழித்தது. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. பல ஆண்டுகள் ஜனங்கள் சேற்றுக்கு மேல் கட்டிய மரப்பலகைப் பாதைகளில் நடந்தார்கள். உப்பு ஏறிய மண்ணில் தோட்டங்களும் மரங்களும் பட்டுப்போயின. தூக்க முடியாத மாளிகைகளைச் சுற்றி மண்ணைக் கொட்டிவிட்டார்கள். ஆஷ்டன் வில்லா என்ற மாளிகையின் இரும்பு வேலியில் ஒரு பகுதி இன்றும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

1915 ஆகஸ்டில் ஏறத்தாழ அதே வலுவுள்ள சூறாவளி வந்தது. சுவர் தாங்கியது, நகருக்குள் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரை மணல் பெருமளவு அரித்துப் போனது. அது சுவருக்குக் கொடுத்த விலை.

2008இல் ஐக் சூறாவளி சுவரைச் சுற்றிக்கொண்டு, காவலில்லாத விரிகுடாப் பக்கமாக ஊருக்குள் புகுந்தது. அதன்பின் விரிகுடாவின் வாயிலேயே மூடித் திறக்கும் ராட்சதக் கதவுகள் அமைக்கும் யோசனை பிறந்தது. 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் அத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.