பஞ்சமி நிலம்: செங்கல்பட்டு வட்டாரத்தின் தீராத வழக்கு

பஞ்சமி நிலம் என்பது பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென ஒதுக்கி, பிறர் கைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கிய அரசு நிலம். வருவாய்த் துறைக் கணக்கில் இதற்கு ‘டி.சி. நிலம்’ (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்று பெயர். கிராமங்களில் ‘கண்டிஷன் பட்டா’ என்றும் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வழிவகுத்த அறிக்கையை 1891இல் எழுதியவர் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர். அதே செங்கல்பட்டில்தான் 1994இல் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், திருப்போரூர், மாமல்லபுரம் என மனை விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் இந்த வட்டாரத்தில் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஜாகீரும் மிராசும்

தகராறின் வேர் பஞ்சமி நிலத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. ஆங்கிலேயரின் சென்னைக்கும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், ஏரிப் பாசனத்தை நம்பிக் கிடந்த நாடு இது. செங்கல்பட்டுக் கோட்டையை 1751இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். மறு ஆண்டே ஆங்கிலேயத் தளபதி கிளைவ் அதைக் கைப்பற்றினார். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலித்துக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாயின.

கோட்டையைப் பிடித்தவர்களுக்கு வரி வேண்டும். வரி வேண்டுமானால் நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஜாகீரின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸும், பின்னாளில் எஃப்.டபிள்யூ. எல்லிஸும் மிராசு உரிமையைப் பற்றி நீளமாக எழுதினார்கள். காணியாட்சி என்று முன்பு வழங்கிய உரிமை அது. ஊரின் நன்செய், புன்செய், தரிசு, மேய்க்கால் எல்லாவற்றிலும் மிராசுதாரருக்குப் பங்கு உண்டு. பிறர் பயிரிட்டால் அவருக்குச் சுவந்திரம் என்ற பங்கைக் கொடுக்க வேண்டும். மிராசுதாரர் பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும்.

மிராசு நில உடைமையா, வெறும் பரம்பரைச் சலுகையா என்று அதிகாரிகள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். அந்த நிலத்தில் சேற்றை மிதித்தவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி அந்த வாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை. படியாள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள். 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கான சட்டப் பாதுகாப்பை நீக்கியது. ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் படியாளைப் பண்ணையோடு கட்டியே வைத்திருந்தது.

திரமென்ஹீர் அறிக்கை

1891 அக்டோபர் 5 தேதியிட்டு, செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் வருவாய் வாரியத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். செங்கல்பட்டு மாவட்டப் பறையர் மக்களின் நிலை பற்றியது அது. மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் அவர்கள். கூலி, உணவு, குடிசை, கடன், கல்வி என ஒவ்வொன்றாக எடுத்து எழுதியிருந்தார். இரக்கம் பேசும் அறிக்கைகள் அதற்கு முன்பும் வந்திருக்கின்றன. இந்த அறிக்கை வேறுபட்டு நிற்பது, ஏழ்மையின் காரணத்தை அரசின் விதிப் புத்தகத்திலேயே தேடிக் கண்டுபிடித்ததால்.

முதல் முடிச்சு சேரி நத்தம். குடிசை நின்ற மண்ணே மிராசுதாரருக்கு உரியது என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. கூலி போதவில்லை என்று சொன்னாலும், வேறு ஆளிடம் வேலைக்குப் போனாலும், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற ஒரு சொல்லில் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது முடிச்சு தர்க்காஸ்து விதிகள். தரிசு நிலம் வேண்டுமென்று யாரும் அரசுக்கு மனுப் போடலாம் என்பது பேச்சுக்குத்தான். செங்கல்பட்டில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. படியாள் ஒருவர் கல்லும் முள்ளுமான ஒரு துண்டைக் கேட்டு மனுக் கொடுத்தால், அந்தச் செய்தி முதலில் மிராசுதாரருக்குப் போகும். அதுவரை அந்தத் துண்டைத் திரும்பிப் பார்க்காதவர் உடனே எனக்கு வேண்டும் என்பார். அவர் பயிர் செய்வதற்காகக் கேட்பதில்லை. படியாளுக்குச் சொந்தத்தில் ஒரு காணி வந்துவிட்டால் நாற்று நட ஆள் கிடைக்காது என்பதே அவர் கவலை. நிலம் தரிசாகவே கிடக்கும். ஆளும் பண்ணையிலேயே கிடப்பார்.

இதைத் திரமென்ஹீர் ஒருவர் மட்டும் சொல்லவில்லை. செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் இருந்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோரும் இதே காலத்தில் அரசிடம் நிலம் கேட்டு வாதாடினார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அம்மக்களே தம் குறையைத் தம் பத்திரிகையில் எழுதிய காலம் அது. மிஷனரிகளின் கடிதங்களை மட்டும் வைத்து இந்த வரலாற்றைச் சொல்வது பாதி வரலாறுதான்.

வருவாய் வாரியம் திரமென்ஹீரின் வாதத்தை விரும்பவில்லை. அவர் கேட்டவற்றில் பலவற்றை அரசு ஏற்கவும் இல்லை. ஆயினும் 1892 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போன விஷயத்தை அடியோடு தள்ள முடியவில்லை. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 1010 பிறந்தது. அதன் வழியே தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கும் முறை மாகாணம் முழுவதும் பரவியது. இப்படி வழங்கப்பட்ட நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நில உரிமை இயக்கங்கள் சொல்கின்றன. 1920க்குப் பிறகு தொழிலாளர் ஆணையர் என்ற தனி அதிகாரி ஒடுக்கப்பட்டோருக்கான வீட்டுமனை, விளைநிலப் பணிகளை ஏற்றார்.

நிபந்தனை

வருவாய் வாரிய நிலை ஆணை 15இன் 41ஆம் பிரிவில் இந்த நிலத்துக்கான நிபந்தனைகள் உள்ளன. நிலம் பெற்றவர் முதல் பத்து ஆண்டுகளுக்கு அதை விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பத்தாண்டுக்குப் பிறகு மாற்றலாம். ஆனால் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கே மாற்ற வேண்டும். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீட்கலாம். வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது.

இதைவிடத் தெளிவாக ஒரு நிபந்தனையை எழுத முடியாது. இடைவிடாமல் மீறப்பட்டதும் இதுதான்.

நிலம் கைமாறிய விதம்

பெரும்பாலான ஊர்களில் கதை ஒன்றுபோலவே இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் விதை நெல்லுக்கோ வைத்தியத்துக்கோ கடன். கடனுக்கு ஈடாக நிலம் போக்கியத்துக்குப் போகிறது. அச்சடித்த தாளில் கைநாட்டு. அந்தத் தாளில் எழுதியிருப்பது போக்கியமா கிரயமா என்று கைநாட்டு வைத்தவருக்குப் படித்துச் சொன்னவர் யாரும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பயிர் செய்வது வேறொருவர். கிஸ்தி ரசீது அவர் பெயரில். அடங்கலில் அனுபவம் அவர் பெயரில். அப்புறம் பட்டா மாறுதல். அடுத்த தலைமுறையில் பவர் பத்திரம். அதற்கடுத்து மனைப்பிரிவு; சாலை போட்டு, கல் நட்டு, வெள்ளை அடித்து விற்பனை.

இதற்கு நடுவே கணக்கிலேயே ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. நல்ல முடிவு அது. ஊர்க் கணக்கு ஒரே குடும்பத்தின் பெட்டியில் இருப்பதற்கு முடிவு கட்டியது. அதே 1980களில் யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அனுபவத்தில் இருப்பவர் பெயருக்கே பட்டா என்ற போக்கில் பல இடங்களில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. ஊரின் சர்வே எண்வாரி நிலக் கணக்கான பழைய அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த ‘டி.சி.’ என்ற இரண்டு எழுத்துகள் புதிய பதிவேட்டுக்கு வராமல் போன சர்வே எண்கள் ஏராளம். சாதாரண ரயத்துவாரி நிலமென்று அந்தப் பட்டாவை நம்பியே வாங்கியவர்கள் பின்னால் வங்கிக் கடன் வரை போயிருக்கிறார்கள். நிபந்தனையை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. நகல் எழுதியபோது அது விடுபட்டது. தவறி விடுபட்டது எது, வேண்டுமென்று விடப்பட்டது எது என்பது ஊருக்கு ஊர் விசாரித்து அறிய வேண்டியது.

காரணை, 1994

பல்லாண்டு மனுக்களுக்குப் பின் வழக்கு வீதிக்கு வந்தது செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணை கிராமத்தில். பஞ்சமி நிலம் பிறர் கையில் இருப்பதை எதிர்த்த தலித் மக்கள் அந்த மண்ணில் இறங்கி அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்தும் நிலத்தைக் கேட்டும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அதன் பிறகே பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழக அரசியல் மேடைகளில் நிலைபெற்றது. தலித் இயக்கங்கள் அக்டோபர் 10ஐ நில உரிமைப் போராளிகளின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

திருப்போரூர் அருகே சிறுதாவூரில் 1967இல் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வழங்கிய நிலம் கைமாறியது பற்றி 2006இல் பெரும் சர்ச்சை எழுந்து, நீதிபதி கே.பி. சிவசுப்பிரமணியம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1892 அரசாணையின் கீழ் வந்த நிலம் அல்ல அது. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் அருகே, நிபந்தனை நிலத்துக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. பஞ்சமி நிலங்களை அடையாளம் கண்டு மீட்க 2011இல் நீதிபதி மருதமுத்து தலைமையில் ஒரு குழுவும் அறிவிக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த ‘அசுரன்’ திரைப்படம் இந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அதைத் தொடர்ந்து கட்சிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. சேரிக்கு ஒரு சென்ட் நிலம்கூட அந்தச் சண்டையால் திரும்பவில்லை.

பிற மாநிலங்களும் தென்னாப்பிரிக்காவும்

ஆந்திரம் 1977இலேயே ஒப்படை நிலங்களைக் கைமாற்றத் தடைச் சட்டம் இயற்றியது. கர்நாடகம் 1978இல் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வழங்கிய நிலங்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்துக்கு முன்பே நடந்த விற்பனைகளையும் அது தொட்டது. நிலத்தை வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வாரிய நிலை ஆணையும் பட்டா நிபந்தனையுமே ஆதாரம். நிபந்தனை செல்லும் என்றே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லிவந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு தலைமுறை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரின் நிலத்தை அபகரிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அதன்படி நடவடிக்கை எடுக்கவும் நிலம் முன்பு யாருடையது என்ற பழைய பதிவு கையில் இருக்க வேண்டும்.

செங்கல்பட்டில் அந்த இருவர் பலியாகி ஒரு மாதம் கழித்து, 1994 நவம்பரில், தென்னாப்பிரிக்கா நில மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனவெறிச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் உரிமை கோரலாம் என்று அது ஒரு தேதியைக் குறித்தது. அதற்கென ஓர் ஆணையமும் தனி நீதிமன்றமும் அமைத்தது. அங்கும் மீட்பு மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் கேட்கும் இடம் எது, எந்தத் தேதியிலிருந்து என்பது கேட்பவருக்குத் தெரிந்தது. நம்மிடம் தேதி இருக்கிறது, 1892. போய்க் கேட்கத் தனி இடம் இல்லை.

கூடுவாஞ்சேரியின் இன்றைய நிலை

2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. 2021இல் நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சியானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் ஏரி ஆயக்கட்டுகள் மனைகளாகிவிட்டன. திரமென்ஹீர் காலத்தில் யாருக்கும் வேண்டாத தரிசு இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. இப்போது மனை வாங்குபவர் பெரும்பாலும் இருபது ஆண்டுத் தவணையில் கடன் எடுத்த மாதச் சம்பளக்காரர். அவருக்கும் நிலத்தை இழந்த குடும்பத்துக்கும் நடுவே நாலைந்து கைகள் மாறியிருக்கும். அந்த நடுக் கைகள் லாபத்தோடு போய்விட்டன. மீட்பு என்று வரும்போது முட்டிக்கொள்வது இந்த இரண்டு குடும்பங்களும்தான். அரசு தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

வில்லங்கச் சான்று இதில் போதாது. பதிவான கிரயங்களையும் அடமானங்களையும் அது காட்டும். நிலம் முதலில் எந்த நிபந்தனையில் வழங்கப்பட்டது என்பதைக் காட்டாது. மனை வாங்குபவர் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு, தம் சர்வே எண்ணுக்கு எதிரே உள்ள குறிப்பைப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் அங்கேயே தொடங்குகிறது. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இன்று இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளையும் டி.சி. ஒப்படைப் பட்டியல்களையும் கிராமவாரியாக அதே தளத்தில் வெளியிடட்டும். கர்நாடகத்தைப் போல ஒரு சட்டத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவரட்டும். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து தொடங்கினால் பொருத்தமாக இருக்கும்.