கேப்டன் மார்ட்டெல் படித்த உடற்கூற்றியல்

மருத்துவ நூல்களில் நோயோடு மருத்துவரின் பெயர் ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் பெயர் உதிர்ந்துவிடும். பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோயின் வரலாற்றில் இரு நோயாளிகளின் பெயர்கள் உதிராமல் நின்றிருக்கின்றன. ஒருவர் வியன்னா நகரத்து டிராம் நடத்துநர் ஆல்பர்ட் யானே. மற்றவர் அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல். இந்நோய்க்கு இன்று என்னென்ன சிகிச்சைகள் உண்டு என்று கேட்கிறவர்கள், அச்சிகிச்சைகள் இவ்விருவர் உடல்களின் வழியாகவே தெளிவடைந்தன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் சுரப்பியைப் பற்றிச் சில சொற்கள். கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டினாற்போல், பெரும்பாலோர்க்கு நான்காக, பருப்பளவில் கிடப்பவை பாராதைராய்டுகள். பெயரில் தைராய்டு இருந்தாலும் அதன் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. சிறுநீரகத்தில் கால்சியம் வீணாவதைத் தடுக்கிறது. வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெறச்செய்து, உணவிலிருந்தும் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. கால்சியம் போதிய அளவை எட்டியதும் சுரப்பு அடங்கவேண்டும். ஒரு சுரப்பியில் கட்டி தோன்றி அது அடங்க மறுத்தால், எலும்பு சல்லடையாகிறது. சிறுநீரகத்தில் கல் சேர்கிறது. சோர்வும் மனத்தளர்ச்சியும் வருகின்றன.

இத்தனை சிறிய உறுப்பு உடற்கூற்றியலாரின் கண்ணில் படத் தாமதமானதில் வியப்பில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு சுரப்பியைக் கண்டு குறித்துவைத்தார். உப்சாலாவில் மருத்துவ மாணவராயிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் அதை முதலில் நாயிடமும் பின்னர் மனித உடல்களிலும் கண்டு, 1880-இல் விரிவாக எழுதினார். அவர் எழுத்தைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1889-இல், நாற்பது வயதை எட்டுமுன், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அச்சுரப்பிகளை நீக்கினால் தசைகள் இழுத்துக்கொண்டு வலிப்பு வருகிறது என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் யூஜீன் கிளே நிறுவத் தொடங்கியது 1891-இல்.

இனி வியன்னா. எலும்பு நொய்ந்து இறந்தவர்களின் உடல்களில் பாராதைராய்டு பருத்திருப்பதை நோய்க்கூற்றியலாளர் யாக்கோப் எர்தைம் 1907-இல் கண்டார். எலும்பு நோயை ஈடுகட்டவே சுரப்பி பருக்கிறது என்று அவர் கருதினார். அவர் பார்த்த நோயாளிகள் பலரின் வகையில் அது சரியான கருத்தே. எல்லா நோயாளிகளுக்கும் அதைப் பொருத்தியபோதுதான் தொல்லை வந்தது. ஒற்றைச் சுரப்பி மட்டும் பருத்திருந்தால் அதுவே நோயின் மூலமாயிருக்கலாம், அதை நீக்கிப் பார்க்கலாம் என்று பிரீட்ரிஷ் ஷ்லாகன்ஹாவ்ஃபர் 1915-இல் சொன்னார். கேட்பாரில்லை.

ஆல்பர்ட் யானே முப்பதுகளில் இருந்தவர். எலும்பு வலியால் தொடங்கிய நோய், தொடை எலும்பு முறியும் அளவுக்கு முற்றியது. அவரை ஏற்றுக்கொண்ட அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்ட்ல், அன்றைய கொள்கைப்படி, யானேவிடம் பாராதைராய்டு போதவில்லை என்றெண்ணி அதன் சாற்றைக் கொடுத்தார். பலனில்லை. விபத்தில் இறந்த ஒருவரின் சுரப்பியை எடுத்து யானேயின் உடலில் பதித்தார். அப்போதும் பலனில்லை. எரிகிற வீட்டுக்கு மருத்துவர் எண்ணெய் சுமந்திருக்கிறார் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. ஆனால் மாண்ட்ல் தம் தோல்வியைக் கவனித்தார் என்பதே இங்கு முக்கியம். கூட்டியும் குணமில்லையெனில் குறைத்துப் பார்ப்போம் என்று 1925 ஜூலையில் கழுத்தைத் திறந்தார். இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருந்தது. அகற்றினார். சிறுநீரில் வீணாகிய கால்சியம் குறைந்தது, வலி அடங்கியது, யானே எழுந்து நடந்தார். சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியதும், இரண்டாம் அறுவை கைகொடுக்காததும், 1936-இல் அவர் இறந்ததும் இந்தக் கதையில் பெரும்பாலும் சொல்லப்படாமல் விடப்படும் பகுதிகள். யூதரான மாண்ட்ல் 1938-இல் வியன்னாவை விட்டு எருசலேம் போகவேண்டியிருந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அதே ஆண்டுகளில் நடந்தது இன்னும் நெடிய கதை. ஆறடிக்கு மேல் உயரமும் கம்பீரமுமாய் இருந்த கேப்டன் மார்ட்டெல், இளம் வயதிலேயே கூனத் தொடங்கினார். முதுகெலும்புகள் நசுங்கி, சில ஆண்டுகளில் ஏழு அங்குலம் குட்டையானார். எலும்புகள் மீண்டும் மீண்டும் முறிந்தன. நியூயார்க்கில் யூஜீன் டுபோய் 1926-இல் அவரைச் சோதித்தார். அக்காலத்தில் பாஸ்டனில் ஜோசஃப் ஆப் என்பவர், ஈயநச்சுக்கு ஆளானவர்களின் எலும்பிலிருந்து ஈயத்தை வெளியேற்ற அவர்களுக்குப் பாராதைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். சாறு ஏற்றிக்கொண்ட அவர்களின் இரத்தமும், எந்த ஊசியும் போடாத மார்ட்டெலின் இரத்தமும் ஒத்திருந்தன. அப்படியானால் இந்த மனிதரின் உடலே அச்சாற்றை மிகையாகச் சுரக்கிறது என்று டுபோய் முடிவுகட்டினார். வியன்னாச் செய்தியின் துணையின்றி எட்டிய முடிவு இது.

முடிவு சரி; கட்டிதான் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அதே ஆண்டில் இருமுறை கழுத்தைத் திறந்தார்கள். 1929-இல் நியூயார்க்கில் மூன்றாம் முறை. 1932-இல் மீண்டும் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில், இளையவரான ஆலிவர் கோப் இருவரும் பொறுப்பேற்றார்கள். சர்ச்சிலின் கட்டளைப்படி கோப் பிணவறையில் உடல் உடலாக அறுத்து, இச்சுரப்பியின் நிறத்தையும் இருப்பிடத்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டார். ஆறு அறுவைகள் ஆகியும் கழுத்தில் ஒன்றுமில்லை.

கோப் பிற்காலத்தில் எழுதியதை நம்பினால், இந்த இடைக்காலத்தில் மார்ட்டெல் வாசகராகிவிட்டார். ஹார்வர்டு நூலகத்தில் அமர்ந்து உடற்கூற்றியல் நூல்களைப் படித்தார். கருவில் கீழ்ப் பாராதைராய்டுகள் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து கீழிறங்கும். சிலரிடம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் மார்புக்குள் போய்விடும். நெஞ்சைத் திறந்து பாருங்கள் என்று மருத்துவர்களை வற்புறுத்தியவர் நோயாளியே. படிப்பதே தொழிலாய்க் கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். தம் உடலுக்குள் தொலைந்த ஒரு பொருளைத் தேடிப் படித்த இவருக்கு இணையாக எவரையும் நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏழாம் அறுவையில் மார்பெலும்புக்குப் பின்னே, மூன்று சென்டிமீட்டர் அளவில், கட்டி இருந்தது. முழுவதும் எடுத்தால் கால்சியம் சரிந்துவிடுமென்று அஞ்சி ஒரு துண்டை இரத்த ஓட்டத்தோடு விட்டுவைத்தார்கள். அப்படியும் மூன்றாம் நாளில் தசை இழுப்பு வந்தது. ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்த எலும்புகள் இரத்தத்துக் கால்சியத்தை வாரிக்கொண்டன. எலும்பு தேறலாம், கற்களால் சிதைந்த சிறுநீரகம் எப்படித் தேறும்? ஆறு வாரங்களில், சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லை எடுத்த அறுவைக்குப் பின், மார்ட்டெல் இறந்தார்.

இன்றும் இந்நோயை வேரோடு நீக்கும் சிகிச்சை அறுவை ஒன்றே. தேர்ந்த கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. 1989-லிருந்து செஸ்டமிபி என்னும் கதிரியக்க மருந்தைச் செலுத்திக் கட்டி இருக்குமிடத்தைப் படம்பிடிக்க முடிகிறது. மார்புக்குள் ஒளிந்ததும் அதில் தெரியவரும். அறுவை மேசையிலேயே ஹார்மோனை அளந்து, பத்து நிமிடத்தில் அது பாதிக்கும் கீழே விழுந்தால் வெட்டியது சரியான சுரப்பி என்று உறுதிசெய்கிறார்கள். சிறுநீரகம் பழுதடைந்ததால் நான்கு சுரப்பிகளும் பருக்கும் வகை வேறு. அங்கே எர்தைம் சொன்னதுதான் உண்மை: சுரப்பி ஈடுகட்டவே பருக்கிறது. அதற்குப் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மருந்து, வைட்டமின் டி வகைகள், 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சினகால்செட் ஆகியவை முதலில் வரும். இவற்றுக்கு அடங்காதபோது சுரப்பிகளை நீக்கி, ஒரு துண்டை முன்கையில் பதித்துவைப்பதும் உண்டு. கட்டியால் வரும் வகையில், அறுவைக்கு இயலாதவர்க்குச் சினகால்செட் கால்சியத்தைக் குறைக்கும், எலும்பை வலுப்படுத்தாது. அலெண்ட்ரோனேட் எலும்பைக் காக்கும், கால்சியத்தைக் குறைக்காது. இரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதென்று பாலையும் தயிரையும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உணவில் குறைத்தால் சுரப்பி இன்னும் முனைப்பாகச் சுரக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

1970-களில் தானியங்கிக் கருவிகள் எல்லா இரத்தச் சோதனையிலும் கால்சியத்தை அளக்கத் தொடங்கியபின் நோயின் முகம் மாறிவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்போது கண்டறியப்படுவோரில் பெரும்பாலோர்க்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. வெட்டுவதா, காத்திருப்பதா என்பதே அவர்கள் கேள்வி. ஐம்பது வயதுக்குக் கீழிருந்தால், கால்சியம் இயல்பின் மேலெல்லையைவிட ஒரு மில்லிகிராமுக்கு மேல் கூடினால், எலும்பு நொய்ந்தால், கல் இருந்தால், சிறுநீரகம் தளர்ந்தால் அறுவை என்று 2022-இன் பன்னாட்டு நெறிமுறை சொல்கிறது. அதே ஆண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து, இலேசான நோயுடைய 191 பேரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. அறுவை செய்துகொண்டோர்க்கும் காத்திருந்தோர்க்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 50 முதல் 80 வயதுவரை உள்ளவர்கள். மார்ட்டெல் அந்த வயதை எட்டவேயில்லை.