தண்ணியில போன பாதைகள்

"பாதை வருது, ஓடி வாங்க" எண்டு மட்டக்களப்பில யாரும் சொன்னா வெளியூர் ஆக்கள் குழம்பிப்போவாங்க. நம்மட பக்கம் பாதை எண்டா ரோட்டு மட்டுமில்லை. ஆக்களையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதே பெயர்தான். இங்கே நடைவழியின் வரலாறு கரையோடு முடிவதில்லை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பெரும் வயல்கள் படுவான்கரையில். கந்தோர்கள், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள் எழுவான்கரையிலும் புளியந்தீவிலும். சுற்றிவரத் தண்ணி நிற்கும் அந்தத் தீவில்தான் 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கல்லடியில் பாலம் வந்தது 1924இல்தான். மற்றத் துறைகளில் சனம் தொடர்ந்து தோணியிலும் பாதையிலும் போய்வந்தது. அம்பிளாந்துறை, துறைநீலாவணை என்ற ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி.

பக்தர்களின் வழியும் இதுதான். கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் மண்டூர், திருக்கோவில், பொத்துவில் கடந்து உகந்தையில் காட்டுக்குள் இறங்குவார்கள். 'சின்னக் கதிர்காமம்' எனப்படும் மண்டூருக்கு எழுவான்கரை ஆக்கள் குருமண்வெளியில் பாதை ஏறித்தான் போவார்கள்.

பிறகு போர் வந்தது. பல வருசம் எழுவான்கரை அரச படைகளிடம், படுவான்கரை புலிகளிடம். வயலுக்கும் சந்தைக்கும் போன துறைகள் சோதனைச் சாவடிகளாகின. 1991 ஜூனில் மண்முனைத் துறைக்குப் பக்கத்தில் கண்ணிவெடியில் படையினர் இறந்தபின், மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். மண்முனையில் பாலம் திறந்தது 2014இல். இப்ப சில நிமிசத்தில் கடந்திடலாம்.

பாலம் வேணும், நோயாளியோடு இரவில் பாதைக்குக் காத்து நிண்ட சனத்துக்கு அதன் அருமை தெரியும். ஆனா பாலம் வந்ததும் துறையில் காத்து நிண்ட கதைகளும் போகத் தேவையில்லை. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பழைய வழிகளை இணைத்து 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைவழியை உருவாக்கியிருக்கிறார்கள். நம்மட கரையிலும் நாளை அப்படியொன்று வரலாம். வந்தா, கடற்கரையையும் வெளிச்சவீட்டையும் மட்டும் காட்டும் வரைபடம் போதாது. எந்தத் துறையில் யார் ஏறினார்கள், யார் மறிக்கப்பட்டார்கள், யார் திரும்பி வரவில்லை எண்டதும் அதில் இருக்க வேணும். பாதை ஓட்டினவர்கள் இன்னும் நம்மட ஊர்களில் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேட்போம்.