மார்ச் முதல் செவ்வாய்

வெர்மான்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சிறு புத்தகம் தபாலில் வந்தது. ஊர் வரவு செலவு அறிக்கை. பனி அள்ளும் வண்டிக்கான டீசல், சாலைக்குக் கொட்டும் உப்பு, நூலகத்துக்கான மானியம் என வரி வரியாகக் கணக்கு. நம்மூர்க் கோயில் திருவிழாக் கணக்கு நோட்டீஸை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசும் பழக்கம் மாநிலத்தைவிட மூத்தது. பென்னிங்டனில் 1762லேயே ஊர்க்கூட்டம் நடந்திருக்கிறது. வெர்மான்ட் அமெரிக்காவில் 14வது மாநிலமாகச் சேர்ந்ததோ 1791ல்தான். இன்றும் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமைதான் கூட்ட நாள். ஜனவரியில் தலைநகர் மான்ட்பீலியரில் கூடும் மாநிலச் சட்டமன்றம் அந்த வாரம் விடுமுறை விடுகிறது. உறுப்பினர்கள் ஊர் திரும்பி, மாநில நிதிநிலையை மக்கள் முன் நின்று சொல்கிறார்கள்.

அந்த நிதிநிலை ஊராருக்கு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 1997ல் பள்ளி நிதி ஏற்றத்தாழ்வு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த 60ஆம் சட்டம் பள்ளிச் செலவை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்கியது. அதன்பின் தலைநகர்க் கணக்கும் வீட்டு வரியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எங்கள் உறுப்பினரிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

அந்த ஆண்டுக் கூட்டத்தில் ஈரக் காலணிகளோடு முதியவர் ஒருவர் எழுந்து, அறிக்கையில் விரல் வைத்து ஒரு தொகையைக் கேட்டார். உறுப்பினர் உட்காராமல் பதில் சொன்னார்.

பல ஊர்கள் இப்போது வாக்குச்சீட்டுக்கு மாறிவிட்டன. அது வசதிதான். ஆனால் கணக்கை முகம் பார்த்துக் கேட்பதே மக்களாட்சியின் உயிர். அதை விட்டுவிடக் கூடாது.