திராட்சை நாட்டுப் பெருவீதி

பிரான்சின் தென்பகுதியிலே பெர்ப்பிஞான் நகரிலிருந்து நீம் நகருக்குச் செல்லும் பெருவீதி, நார்பொன், பெசியே, மொன்பெலியே ஆகிய நகரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்கின்றது. இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். இது லாங்டொக் எனப்படும் நாடு. கண்ணுக்கெட்டிய வரை திராட்சைத் தோட்டங்கள். சாதாரண மக்கள் அன்றாடம் குடிக்கும் மலிவான வைன் நெடுங்காலம் இங்கிருந்துதான் பிரான்ஸ் எங்கும் சென்றது. இன்று இப்பகுதிக்கு உல்லாசப் பயணிகள் துவிச்சக்கர வண்டிகளோடு வருகின்றனர். அவர்களுக்கென அச்சிடப்படும் வழிகாட்டிகளில் கோட்டைகளும் தேவாலயங்களும் வைன் கிடங்குகளும் குறிக்கப்பட்டிருக்கும். இவ்வீதியில் மனிதர் பட்ட பாட்டுக்கு அவற்றில் அவ்வளவு இடமில்லை.

1950ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதி, 'தூர் த பிரான்ஸ்' எனப்படும் பிரான்ஸ் சுற்றோட்டம் இந்த வீதியிலே நடந்தது. பெர்ப்பிஞானில் தொடங்கி நீமில் முடியும் பதின்மூன்றாவது கட்டம். கடும் வெயில், வீதியில் இட்ட தார் உருகியது. அக்காலத்தில் நாட்டுவாரியாகவும் பிரதேசவாரியாகவும் அணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட வட ஆபிரிக்காவுக்கும் ஒரு சிறிய அணி இருந்தது. பெரிய வீரர்கள் வெப்பத்துக்கு அஞ்சி மெல்ல ஓட்டிக்கொண்டிருக்க, அவ்வணியைச் சேர்ந்த இருவர் முந்திப் புறப்பட்டனர். ஒருவர் மார்சல் மொலினெஸ். அல்ஜீரியாவில் குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்தவர். மற்றவர் அப்துல் காதர் ஸாஃப். அல்ஜீரிய முஸ்லிம்.

இருவரும் கூட்டத்தைப் பல நிமிடங்கள் பின்தள்ளிவிட்டனர். ஆனால் நீம் நகரை அடையுமுன் ஸாஃப் தள்ளாடத் தொடங்கினார். வண்டி வீதியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அலைந்தது. ஈற்றில் இறங்கி ஒரு மர நிழலிலே சாய்ந்தவர் நினைவிழந்து உறங்கிவிட்டார். விழித்தெழுந்ததும் வண்டியில் ஏறி மிதித்தார். வந்த வழியே திரும்பி மிதித்தார். அத்தோடு அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது. மொலினெஸ் தனியே சென்று நீமில் வெற்றி பெற்றார். வட ஆபிரிக்க அணிக்கு இச்சுற்றில் கிடைத்த முதல் வெற்றி அது. மறுநாளும் அதே அணியைச் சேர்ந்த குஸ்தோதியோ தொஸ் ரெய்ஸ் என்பவர் வென்றார். ஆயினும் அவ்விரு வெற்றியாளரின் பெயரையும் இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஸாஃபின் பெயரை அறியாத சைக்கிளோட்ட இரசிகர் பிரான்சில் அரிது.

காரணம், அவர்மேல் வைன் மணத்தது என்பதாகும். வீதியோரத்தில் நின்ற திராட்சை விவசாயிகள் கொடுத்த போத்தல்களை அவர் தாகத்தால் குடித்துவிட்டார் என்பது ஒரு கதை. மயங்கிக் கிடந்தவரைத் தெளிவிக்கத் தண்ணீர் இல்லாமையால் அவர்கள் வைனை முகத்தில் தெளித்தார்கள் என்பது இன்னொரு கதை. ஊக்க மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை என்று எழுதியவர்களும் உண்டு. எப்படியாயினும் பத்திரிகைகளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: மதுவைத் தொடாத மார்க்கத்தவன் ஒருவன் மது மயக்கத்தில் திசைமாறி ஓடினான் என்ற வேடிக்கை! சிரிப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. ஸாஃபும் அதனால் சிறிது பயன் பெற்றார் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் நடக்கும் கண்காட்சி ஓட்டங்களுக்கு அவரை விரும்பி அழைத்தனர். தன்னைப் பார்த்துச் சிரிப்பவனிடம் காசு வாங்கிப் பிழைப்பது வறியவனின் பழைய தொழில்களில் ஒன்று.

இச்சுற்றோட்டமே பத்திரிகை விற்பனைக்காகப் பிறந்தது. 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் ஹென்றி தெகிராஞ்சு, போட்டிப் பத்திரிகையை வீழ்த்துவதற்காக 1903இல் தொடங்கிய ஏற்பாடு இது. அவ்வாண்டு அறுபது பேர் புறப்பட்டு இருபத்தொருவர் மீண்டனர். முதல்வராக வந்த மொறிஸ் காரன் முன்னர் புகைக்கூண்டு துப்புரவு செய்யும் தொழிலாளியாக இருந்தவர். மனிதன் எவ்வளவு வருந்துகிறானோ அவ்வளவுக்குப் பத்திரிகை விற்றது. 1924இல் அல்பேர் லொந்தர் என்னும் பத்திரிகையாளர், ஓட்டத்தைவிட்டு விலகிய பெலிசியே சகோதரரைச் சந்தித்து, அவர்கள் உட்கொண்ட மருந்துகளையும் அனுபவித்த கட்டுப்பாடுகளையும் அம்பலப்படுத்தினார். ஓட்டக்காரரைச் சிறைக் கைதிகளோடு ஒப்பிடும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது.

சரி, மயங்கியவன்மேல் தெளிக்கத் தண்ணீரில்லாத இடத்தில் வைன் மட்டும் எப்படி இருந்தது? லாங்டொக்கின் வரலாறு இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. இங்கே தோட்டத் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பங்கு வைனாகவே கொடுக்கப்படுவது அக்காலத்தில் வழமையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைன் மலிந்துபோய் விலை சரிந்தது. சீனி கலந்தும் தண்ணீர் கலந்தும் போலி வைன் செய்து விற்றவர்களே காரணம் என்று உற்பத்தியாளர் குற்றஞ்சாட்டினர். அது உண்மையே. மிகை உற்பத்தியும் அதேயளவு உண்மை. விலை சரிந்ததும் முதலில் வெட்டப்பட்டது கூலி. 1904இல் தோட்டத் தொழிலாளர் ஊரூராக வேலைநிறுத்தம் செய்தனர்.

1907 மார்ச் 11ஆம் திகதி ஆர்ழெலியே என்ற கிராமத்திலிருந்து எண்பத்தேழு பேர் நார்பொன் நகருக்கு நடந்து சென்றனர். அவர்களின் தலைவர் மார்சலன் அல்பேர், தேநீர்க்கடை போன்ற ஒரு சிறு மதுக்கடை நடத்தியவர். சொந்தமாகக் கொஞ்சம் திராட்சைக் கொடியும் வைத்திருந்தவர். அந்த எண்பத்தேழு பேர் வாரம்தோறும் பெருகினர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒவ்வொரு நகரிலும் கூட்டம்: மே 5 நார்பொன், மே 12 பெசியே, மே 19 பெர்ப்பிஞான், மே 26 கார்க்கசோன், யூன் 2 நீம், யூன் 9 மொன்பெலியே. கடைசிக் கூட்டத்துக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர் என்று கணிக்கப்படுகின்றது. கார்க்கசோன் ஒன்றை நீக்கிப் பார்த்தால், ஸாஃப் வண்டியோட்டிய அதே வீதியின் நகரங்கள் இவை!

பிரதமர் கிளெமன்சோ படையை அனுப்பினார். நார்பொன் நகர முதல்வரும் சோசலிசவாதியுமான எர்னெஸ்ட் பெரூல் யூன் 19ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். அன்றும் மறுநாளும் நார்பொன்னில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டனர். சந்தைக்கு வந்த இருபது வயதுப் பெண்ணொருத்தியும் அவர்களில் ஒருத்தி. செய்தி கேட்ட பதினேழாவது காலாட்படையின் வீரர் ஏறத்தாழ ஐந்நூறு பேர், ஆக்ட் நகரிலிருந்து ஆயுதங்களோடு இரவிரவாக நடந்து பெசியேக்கு வந்து மக்களோடு சேர்ந்துகொண்டனர். சுடப்படக்கூடியவர்கள் அவர்களுடைய தாய் தந்தையர் அல்லவா? அவர்களைத் துனீசியாவின் காஃப்சாவுக்கு அனுப்பினார்கள். பிரான்சிய அரசு தன் கலகக்காரரைக் குடியேற்ற நாட்டில் ஒளித்து வைத்தது.

யூன் 29ஆம் திகதி போலி வைனுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. அதே யூலையில் அவ்வாண்டுக்குரிய பிரான்ஸ் சுற்றோட்டம் நீம் நகரிலிருந்து துலூசுக்குச் சென்றது. வெடிமருந்தின் மணம் போய் ஒரு மாதம் இருக்கும்.

இப்போராட்டத்தை அளவுக்கு மிஞ்சிப் புகழ்வதும் பிழை. பெருந்தோட்ட முதலாளியும் அவனுடைய கூலியாளும் ஒரே கொடியின் கீழ் நடந்தார்கள். வைன் விலை உயர்ந்தால் எல்லோரும் வாழலாம் என்ற நம்பிக்கை அவர்களைப் பிணைத்தது. சட்டத்தின் பயன் யாருக்கு முதலில் போய்ச் சேர்ந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. 1904இன் வேலைநிறுத்தக்காரன் கேட்ட கேள்வி 1907இன் பேரொலியில் அமுங்கிப் போயிற்று.

இனிக் கடலுக்கு அப்பால் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலொக்சேரா என்னும் நுண்பூச்சி பிரான்சியத் திராட்சையின் வேரை அரித்து அழித்தபோது, அல்ஜீரியாவில் குடியேறிய ஐரோப்பியர் பெருந்தொகையாகத் திராட்சை பயிரிட்டனர். 1830இல் தொடங்கிய படையெடுப்பின் பின் அந்நாட்டு மக்களிடமிருந்து கைப்பற்றிய நிலம் அது. 1930களில் அங்கே திராட்சை நின்ற பரப்பு ஏறத்தாழ நான்கு இலட்சம் ஹெக்டேயர். உலகிலே வைனை மிகக்கூடுதலாக ஏற்றுமதி செய்த நாடு அல்ஜீரியா. அதைக் குடிப்பதை மார்க்கம் தடுத்த மக்கள் கொடியை நட்டார்கள், வெட்டினார்கள், பழத்தைச் சுமந்தார்கள். அந்தக் காரமான வைன் சுங்கவரியின்றிக் கப்பலேறி, பிரான்சின் மெலிந்த வைனோடு கலக்கப்பட்டு, பிரான்சிய வைனாக விலைப்பட்டது. லாங்டொக் விவசாயி அல்ஜீரிய வைனைத் தன் எதிரியென்று ஏசினான். அதை நட்டவனின் கூலியைப் பற்றி அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

ஸாஃப் 1917இல் பிறந்த செப்லி, அல்ஜியர்ஸ் நகருக்குத் தெற்கே மித்திஜா சமவெளியில் இருக்கிறது. குடியேறிகள் திராட்சையும் தோடையும் பயிரிட்டுச் செழித்த நிலம். ஆகவே 1950இல் அந்த மரத்தடியில் அவருக்கு வைனின் மணம் புதிதாயிருந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டும் அவர் வந்தார். 1951இல் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் அறுபத்தாறு பேர். ஸாஃப் அறுபத்தாறாவது. மூன்று ஆண்டுகளின் பின், 1954 நவம்பரில், அல்ஜீரியாவின் விடுதலைப் போர் தொடங்கியது. 1962இல் குடியேறிகள் கப்பலேறினர். வைனை வாங்க பிரான்ஸ் மறுக்கத் தொடங்கிய பின்னர், அல்ஜீரிய அரசு அந்தக் கொடிகளைப் பெரும்பரப்பில் வேரோடு பிடுங்குவித்தது. சில இடங்களில் கோதுமை விதைக்கப்பட்டது.